முதல் ஞாயிறு நீ வாசிக்கப்போகும் நிருபம்

பிரகாசம்,

கர்த்தருக்குள் அன்பான என்று ஆரம்பித்து, ஸ்தோத்திரம் சொல்லி, சுகம் விசாரித்து எழுதுவதுதான் நம் வீட்டு வழக்கம். அப்படி நான்கு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். அந்த வரிகளை எழுதினால் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே கடிதத்தை முடித்துவிடுவேன் என்று தெரிந்தது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தீப்பெட்டி ஆலைக்குப் போக டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிரித்துப் படித்தேன். குருப்பட்டம் ஆகிவிட்டது, முதலில் பார்க்க வேண்டிய சேகரமாக நம் பக்கத்துச் சபைகளையே கொடுத்திருக்கிறார்கள், வருகிற மாதம் முதல் ஞாயிறு நம் கோயிலில் நீதான் ஐயராக நின்று ஆராதனை நடத்தப்போகிறாய். "அன்றைக்கு பிஷப் அத்தியட்சருடைய நிருபம் ஒன்றை வாசிக்க வேண்டும். அதோடு அங்கே இருக்கிற பழைய சச்சரவு தீர்ந்துவிடும், சந்தோஷமாக இரு அம்மா" என்று எழுதியிருந்தாய். பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் போனது. அன்றைக்கு நான் ஷிப்டுக்குப் போகவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் எனக்குப் புதிது இல்லை. குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியானபோது, போக ஊர் இல்லாமல் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு கொருக்குப்பேட்டையிலேயே கிடந்தவள் நான். உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் சங்கிலி அறுந்து செத்தபோது, அடுத்த வாரம் என்ன சமைப்பது என்று பயந்தேன். ஆலையில் மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். அதெல்லாம் மேலே இருக்கிறவர்களைப் பார்த்துப் பயந்த பயம். இந்தத் தடவை நான் பயப்படுவது உன்னைப் பார்த்து. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இதை மூடிய கடிதமாக எழுதவில்லை. யார் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் செய்த தப்பை ஊர் நடுவில் வைத்துச் செய்தேன். அதை உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

அந்த நிருபத்தில் என்ன இருக்கிறது என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, கமிட்டித் தலைவர் தேவநேசன் அண்ணாச்சி தன் மளிகைக் கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் கூடுகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கொட்டகை நிற்கும் இடத்தை அத்தியட்சருடைய தலைமைச் சங்கத்தின் பெயருக்கு எழுதித் தர வேண்டும். செய்யாதவர்களின் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. கல்யாண அறிவிப்பாக மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது கிடையாது. செத்தால் நம் கல்லறைத் தோட்டத்தில் குழி கிடையாது. இதைத்தான் நீ பீடத்தின் முன்னால் நின்று, உன் அப்பாவின் குரலில், எங்களுக்கு வாசிக்கப்போகிறாய்.

அந்தக் கொட்டகை எப்படி வந்தது என்று உனக்கு ஹாஸ்டலில் ஒரு கதை சொல்லியிருப்பார்கள். ஐயர் வராத நாளில் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் ஞானமுத்துவுக்குத் தலைக்கனம் ஏறியது, பட்டம் இல்லாத ஆள் அப்பமும் ரசமும் எடுத்துத் திருவிருந்து கொடுத்தார், சபையைப் பிளந்தார். அந்தக் கதையில் ஒரு வரி என்னுடையது. அது பொய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்பாய். மேலே இருந்து வரும் உத்தரவெல்லாம் கெட்டது, உள்ளூரில் முடிவு செய்வதெல்லாம் நல்லது என்று நான் நினைக்கவில்லை. நீ பாயில் உட்கார்ந்து வளர்ந்தவன். முன்பெஞ்சு தெற்கிலிருந்து வந்த கடைக்காரக் குடும்பங்களுக்கு, துறைமுகக் கூலிக்கும் ரயில்வே கூலிக்கும் பின்னால் பாய். திருவிருந்துக்கு இரண்டு கிண்ணம் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அவர்களுக்கு வெள்ளிக் கிண்ணம், நமக்குப் பித்தளை. ஒரு தடவை பிள்ளைகளைத் திருவிருந்துக்குச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு வந்த வெள்ளைக்கார அத்தியட்சர் இரண்டையும் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இது எங்க கோயில் வழக்கம், தொரையே. எங்க கோயில் காரியத்தை நாங்களே பாத்துக்கிடுதோம்." துரை பித்தளைக் கிண்ணத்தை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது, இனி ஒரே கிண்ணம் என்று. முன்பெஞ்சில் மூன்று குடும்பங்கள் ஆறு மாதம் கோயிலுக்கு வரவில்லை. நான் வெள்ளிக் கிண்ணத்தில் வாய் வைத்தபோது என் பல் கிண்ணத்தில் இடித்தது. எங்கள் கோயில், எங்கள் வழக்கம் என்று அன்றைக்குச் சொன்ன அதே அண்ணாச்சிதான் இன்றைக்கு அத்தியட்சரின் அதிகாரத்தைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறார். அவருக்கு அதிகாரம் எங்கே இருந்தாலும் கவலை இல்லை. தன் பக்கம் இருந்தால் போதும்.

சுதந்திரம் வந்த அதே வருஷம் சபைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. நீ அப்போது பட்டணத்து ஹாஸ்டலில் இருந்தாய். ஞானமுத்து அன்றைக்கு வாசலில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

"யக்கா, இனிமே நம்ம கோயிலு நம்ம கையில. ஐயரு வேணும்னா நாமளே கேக்கலாமாம். பேஜாரு புடிச்ச ஆளுன்னா வேணான்னு கூட சொல்லலாமாம்."

"ஆரு சொன்னாங்க?"

"சர்க்குலர்ல போட்டுகீறான்."

"சர்க்குலர்ல ஆயிரம் போடுவான். மொதல்ல மாசத்துக்கு ஒரு வாட்டியாவது ஐயர அனுப்பச் சொல்லு."

சர்க்குலரில் போட்டது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஏழு சபைகளுக்கு ஒரே ஐயர் என்பது மாறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் நமக்குத் திருவிருந்து. முன்பு இங்கிலீஷில் வந்த உத்தரவு இப்போது தமிழில் வந்தது. மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், பிரேதம், நோயாளி, குடிகாரன் சண்டை எல்லாம் ஞானமுத்து தலையில். நம் வீடுகளில் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்போமே, அந்தப் பிடி அரிசியில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் அவரை நம் ஆள் என்று நாம் நினைத்தோம். நியமனக் கடிதம் தன்னிடம் இருப்பதால் தன் ஆள் என்று தலைமைச் சங்கம் நினைத்தது.

சபைகள் ஐக்கியமாகி இரண்டு வருஷம் கழித்து ஆலையில் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. மோசே உள்ளே மாட்டிக்கொண்டான். ரூத்துடைய புருஷன், உன்னைத் தோளில் வைத்து மீன் பிடிக்கிறதைக் காட்டக் கடற்கரைக்குக் கூட்டிப்போன அதே மோசே. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமை. வருகிற ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. கோயில் துணி துவைப்பதும், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து ரசம் எடுப்பதும் என் வேலை என்று உனக்குத் தெரியும். வியாழக்கிழமையே ஊறவைத்திருந்தேன். காலை ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்தேன், ஞானமுத்து வாசலில் நிற்கிறார், சட்டை முழுக்க வியர்வை.

"யக்கா, திராட்ச ஊறிச்சா?"

"ஊறிகினு கீது. நாளைக்குத்தான் புழியணும். இன்னாத்துக்கு?"

"மோசே கேக்குறான். ராவிருந்து அதே பேச்சு. எனக்கு விருந்து குடுங்க, நான் போவணும்ன்றான்."

"ஐயருக்குச் சொல்லி அனுப்பு."

"ராயபுரத்துக்கு ஆள் போயி வந்துட்டான். ஐயரு சங்கக் கூட்டத்துல கீறாராம். மூணு நாளு கூட்டமாம். ஞாயித்துக்கெழம வருவாரு. மோசே பொழுது சாயறதுக்குள்ள பூடுவான்."

"அப்ப நீ குடுக்கப் போறியா? குடுக்கலாமா?"

"கூடாது. எனக்குத் தெரியாதா? நீ புழிஞ்சி குடுக்குறியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

நான் பிழிந்தேன். என் கையால், என் அடுக்களையில், என் வெள்ளை முந்தானைத் துணியில் வடிகட்டினேன். எண்ணெய்க் கிண்ணம் ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அதில் ஊற்றினேன். அப்பத்துக்கு ஒன்றும் இல்லை. டீக்கடையில் ஒரு பொறை ரொட்டி வாங்கிக்கொண்டோம். நானும் கூடப் போனேன். ஞானமுத்து ஜெபப் புத்தகத்தைத் திறந்தார், அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, மனப்பாடமாகச் சொன்னார். பொறையை ரசத்தில் நனைத்து மோசேயின் உதட்டில் வைத்தார். உதடு என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. மோசே விழுங்கினான். பிறகு கண்ணைத் திறந்து, "ண்ணே, இனிப்பு கம்மியா கீதே" என்றான். ஞானமுத்து அழுதுகொண்டே, "யக்கா ஒரு நா முன்னாடியே புழிஞ்சிட்டாங்கடா, பொறுத்துக்க" என்றார். ரூத் சிரித்துவிட்டாள். பத்து நாளில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது. ஆறு மணிக்கு மோசே போய்விட்டான். ஐஸ் வைத்துக் காத்திருந்தோம், ஞாயிற்றுக்கிழமை வந்த ஐயர்தான் அவனை நம் கல்லறைத் தோட்டத்தில், மதில் ஓரமாக அடக்கம் செய்தார்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ரூத்தே கல்லறையில் நின்று எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னாள், என் புருஷன் விருந்து வாங்கிக்கொண்டுதான் போனான் என்று. அண்ணாச்சி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பாய் ஜனம் உபதேசியார் சொல்லைக் கேட்கிறது, கமிட்டி சொல்லைக் கேட்பதில்லை என்று அவருக்கு ரொம்ப நாளாக எரிச்சல். அன்றைக்கே தலைமைச் சங்கத்துக்கு எழுதிப்போட்டார். விசாரணைக்கு இரண்டு பேர் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் டோல்கேட்டில் என்னை நிறுத்தினார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"என்னம்மா, பய நல்லாப் படிக்கானா? வேதசாஸ்திரப் படிப்புக்குப் போகணும்னு ஆசைப்படுதானாமே?"

"ஆமாங்க அண்ணாச்சி."

"நல்ல காரியம். அதுக்குக் கமிட்டி சிபாரிசுக் கடுதாசி வேணும் பாத்துக்க. சபைக்கு விரோதமா நடக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நான் எப்படி எழுத முடியும், சொல்லு? நாளைக்குப் பாத்துப் பேசு."

அவ்வளவுதான். மிரட்டவில்லை, கத்தவில்லை. மறுநாள் கோயில் பக்க அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரசத்தை நீங்களாகக் கொடுத்தீர்களா, உபதேசியார் தாமாக எடுத்துக்கொண்டாரா என்று கேட்டார்கள். அவராக எடுத்துக்கொண்டார் என்றேன். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்றார்கள். ஆலையில் என்றேன். எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புப் படித்ததை எண்ணி நான் பெருமைப்பட்டதுண்டு. கைநாட்டு வைக்கிறவளாக இருந்திருந்தால்கூட இவ்வளவு அழகாகப் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு அதை ஆராதனையில் வாசித்தார்கள். கோயில் பொருளைத் திருடியவர் என்றே எழுதியிருந்தது. அதுதான் அவரை வெளியே தள்ளிய வார்த்தை. பட்டம் இல்லாமல் விருந்து கொடுத்ததற்கு மூன்று மாதம் தள்ளிவைப்பார்கள், கூட்டிக் கண்டிப்பார்கள். திருடன் என்றால் வேறு. சொல்ல ஏதாவது உண்டா என்று ஐயர் கேட்டார். ஞானமுத்து எழுந்து நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க ஐயரே. நாந்தான் எடுத்தேன். அந்தம்மா அப்ப வூட்ல இல்ல."

அவரும் பொய் சொன்னார், பிரகாசம். எனக்காக, அதாவது உனக்காக. அன்றைக்குப் பின் அவர் கோயிலுக்குப் பின்னாலிருந்த வீட்டைக் காலி செய்தார். பாயில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் பின்னால் ரயில் பாதையைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. காலியாகிவிட்ட பாயில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அவர் இப்போது கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குகிறார். வழியில் பார்த்தால் மூட்டையை இறக்காமலே நின்று, "இன்னாக்கா, பையன் எப்டி கீறான்? படிப்பு முடிஞ்சிதா?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் கேட்பார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொட்டகையில் தினமும் திருவிருந்து நடக்கிறது, அங்கே ஒரு தனிச் சபையே கிளம்பிவிட்டது என்று உனக்குச் சொல்லியிருந்தால், அது பொய். ஐந்து வருஷமாக அவர் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. "அன்னிக்கு ஒரு நாளு. அது சாவு. தெனமும் செஞ்சா எனக்கும் அண்ணாச்சிக்கும் இன்னா வித்தியாசம்?" என்பாராம். ஒரு ஐயரை அனுப்புங்கள், யாராக இருந்தாலும் சரி என்று மூன்று தடவை மனு எழுதினார்கள். மூன்று தடவையும் ஒரே பதில். முதலில் பணியுங்கள். தங்கள் கோயிலைத் தாங்களே நடத்த வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, அந்த அதிகாரம் யாருக்கு என்று பார்ப்பதிலேயே ஐந்து வருஷம் போயிற்று. அவர்கள் கேட்டது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு ஆள்.

இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். அது உன்னை வளர்த்ததில் செய்த தப்பு. உனக்கு ஏழு வயது. அப்பா போய் மூன்று மாதம். வீட்டில் விட ஆள் இல்லாமல் உன்னை ஆலைக் கதவு வரை கூட்டி வந்தேன். "நான் வர்ற வரிக்கும் இந்த எடத்த வுட்டு நவுறக் கூடாது" என்று சொல்லி உள்ளே போனேன். பத்து மணிக்கு மழை பிடித்தது. வாட்ச்மேன் தன் கூண்டுக்குள் வா என்று கூப்பிட்டிருக்கிறான். கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். நீ வரவில்லை. மூன்று மணிக்கு நான் வெளியே வந்தபோது உதடு நீலம் பாய்ந்து அதே இடத்தில் நின்றிருந்தாய். ஒன்பது நாள் காய்ச்சல். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். பார், என் பிள்ளை சொன்ன சொல் தவறமாட்டான் என்று வரிசையில் நிற்கிற பெண்களிடமெல்லாம் சொன்னேன். உன்னை ஹாஸ்டலில் சேர்த்தபோதும் அந்தக் கதையைத்தான் சொன்னேன். அவர்களுக்கும் பிடித்தது. மழை வந்தால் உள்ளே போகலாம், நான் சொன்னது மழைக்கு முன்னால் சொன்னது என்று உனக்குச் சொல்லித் தரவே இல்லை. அத்தியட்சர் முன்னால் முழங்கால் போட்டுக் கீழ்ப்படிவேன் என்று உறுதி சொன்னபோது நீ ஒரு நிமிஷமும் தயங்கியிருக்க மாட்டாய். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வாரம் ரூத்தைப் பார்க்கப் போனேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ரயில் பாதையைத் தாண்டினேன். அவளுக்கு நெஞ்சில் சீக்கு. ஆஸ்பத்திரியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"யக்கா, உம் புள்ள ஐயரா வர்றானாமே. நெசந்தானா?"

"ஆமா ரூத்து."

"நல்லதாப் போச்சு. அவனுக்கு எங்கள தெரியும். மோசே தோள்ள ஏறி வளந்த புள்ள. இனிமே ஒரு கலாட்டாவும் இருக்காது." இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "செவுத்தோரமா மோசே பக்கத்துல ஒரு எடம் கீது பாரு. ஆரும் எடுத்துடலியே? அத்த மட்டும் வச்சிருக்கச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

நிருபத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வைத்திருக்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் தண்டவாளத்தில் கால் இடறி விழுந்தேன். உன் கையில் இருக்கிற அந்தக் காகிதம் முதலில் மூடப்போவது அவள் குழியை. ஒரு மாதக் கெடு என்று அதில் எழுதியிருக்கிறது. ரூத்துக்கு ஒரு மாதம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க அவளால் கோயில் வரை நடக்கவும் முடியாது. என்ன குற்றத்துக்காக அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீயாவது எனக்குச் சொல்.

உன்னைச் சபையை விட்டு வா என்று நான் கேட்கவில்லை. கொட்டகையில் சேர்ந்துகொள் என்றும் கேட்கவில்லை. சனிக்கிழமையே வந்து இறங்கு. அண்ணாச்சி வீட்டு விருந்துக்குப் போவதற்கு முன்னால் ரூத் வீட்டுக்குப் போ. உன்னிடம் அப்பமும் ரசமும் இருக்கும், அவளுக்குக் கொடுக்க உனக்குப் பட்டம் இருக்கிறது, ஐந்து வருஷமாக அவள் வாயில் அது படவில்லை. பிறகு அத்தியட்சருக்கு எழுது. நான் வந்து பார்த்தேன், இதை என்னால் வாசிக்க முடியாது, தாங்களே வந்து அவள் பாயருகே நின்று வாசியுங்கள் என்று எழுது. கையெழுத்துப் போட்டவரே வாயால் சொல்லட்டும். இப்படிச் செய்தால் உன்னை எங்காவது மலைக்குத் தூக்கிப் போடுவார்கள், அல்லது அங்கியையே கழற்றச் சொல்வார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அந்த அங்கிக்காகத்தான் நான் ஒரு நல்ல மனிதனைத் திருடன் ஆக்கினேன். அதைக் கழற்றச் சொன்னால் உனக்கு முன்னால் எனக்குத்தான் உயிர் போகும்.

இதுவரை எழுதியதை முதலில் ஞானமுத்துவிடம் எடுத்துப்போனேன். யார்டு வாசலில் நின்றே படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"கிழிச்சிப் போடுக்கா. புள்ள இப்பத்தான் வர்றான். வந்த அன்னிக்கே அம்மா திருட்டு கையெழுத்துன்னு ஊரு பேசணுமா? அண்ணாச்சிக்கு அல்வா சாப்டா மாதிரி."

"உன் பேரு?"

"எம் பேரு கெட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. பழகிப் பூட்ச்சு."

"எனக்குப் பழகலியே."

அவர் மூட்டைக்குத் திரும்பிப் போனார். நான் கிழிக்கவில்லை, இரண்டு பிரதியாக எழுதினேன். ஒன்றை உனக்கு அனுப்புகிறேன், இன்னொன்றைத் தலைமை ஆபீசுக்கு இன்றே தபாலில் போடுகிறேன். அவர்கள் கோப்பில் என் பழைய கையெழுத்து இருக்கிறது, பக்கத்தில் இதுவும் இருக்கட்டும். நீ இவ்வளவையும் படித்துவிட்டு, இருந்தாலும் உறுதி சொன்னேன், கீழ்ப்படியத்தான் வேண்டும் என்று முடிவு செய்யலாம். அது நடக்கும் என்று பாதி மனது சொல்கிறது. அந்தப் பாதி மனதுக்காக ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஞாயிறு நீ நிருபத்தைப் பிரித்தால் நான் பாயிலிருந்து எழுந்து நிற்பேன். ஆராதனை நடுவில் ஒரு பெண்பிள்ளை எழுந்து பேசுவது நம் கோயிலில் இதுவரை நடக்காத காரியம். அண்ணாச்சி உட்காரச் சொல்லிக் கத்துவார். ரசத்தைப் பிழிந்து கொடுத்தவள் நான், கோயில் பொருளைத் திருடியவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் என்னைச் சொல்லுங்கள் என்று சொல்வேன். சொல்லிவிட்டு வெளியே நடந்து, ரயில் பாதையைத் தாண்டிக் கொட்டகையில் போய் உட்காருவேன். அப்புறம் நீ வாசித்து முடி. வாசித்தால் அடிக்க வேண்டிய பெயர்களில் என் பெயரும் சேர்ந்துவிடும், அடிக்கிற பேனா உன் கையில் இருக்கும். உன் அப்பா அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். அவர் பக்கத்தில் எனக்கு இடம் இல்லை என்று அந்த நிருபத்தை எழுதியவர் என்னிடம் சொல்ல மாட்டார், அவருக்கு என்னைத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வதானால் காகிதத்தைப் பார்த்துச் சொல்லாதே, கொட்டகைக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் அம்மா